சின்னக் கட்டி

“ஈயத்தை எவன் மேடம் திருடுவான்?”

மொபெட்டை மர நிழலில் சாய்த்தபடி சரவணன் கேட்டான். வேதநாயகி பின்னாலிருந்து இறங்கினார். சேலைத் தலைப்பின் நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

அப்படிச் சுற்ற ஆரம்பித்துவிட்டால் அவரிடமிருந்து சொல் பெயராது. பெங்களூர் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் கால் நூற்றாண்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தவர் வேதநாயகி. எஸ்.டி.டி. பூத்துகள் வந்து அந்த வேலையை விழுங்கியதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மல்லேஸ்வரம் வீட்டு வாசலில் ‘துப்பறியும் சேவை’ என்று பலகை மாட்டினார். அன்றைக்கு வயரைச் சுற்றிய விரல் இன்றைக்குச் சேலையைச் சுற்றுகிறது.

சரவணன் பெங்களூர் ஒக்கலிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு நாள் வேதநாயகியை ஏற்றிக்கொண்டு எவனோ ஒருவனைப் பின்தொடர்ந்து போனதில், மீட்டருக்கு மேலே ஒரு வேலையும் கிடைத்துவிட்டது. வண்டி ஓட்ட வேண்டும், பேஜரைச் சுமக்க வேண்டும், அவர் பேசாத நேரமெல்லாம் பேச வேண்டும். மூன்றாவது வேலையில்தான் ஓவர்டைம்.

“வெள்ளி திருடலாம், பித்தளை திருடலாம். ஈயம் பூசறவன்கூட இப்ப ஈயம் வாங்கறதில்ல மேடம்.”

வேதநாயகி கேட்டை நோக்கி நடந்தார்.

பழைய பங்களா. ஏதோ ஒரு டிரஸ்ட் அதை அறிவியல் வரலாற்றுக் காட்சிக்கூடமாக மாற்றியிருந்தது. வாசலில் காக்கிச் சட்டையில் நின்ற காவலாளி கிருஷ்ணப்பா, வேதநாயகியின் கைப்பையைத் திறந்து பார்த்தார். சரவணனின் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார்.

“டிரஸ்ட் பெரியம்மாவோட ஆர்டர் சார். உள்ள போறப்பவும் நோடுவேன், வெளிய வரப்பவும் நோடுவேன். செக்ரட்டரி சாரோட டிபன் கேரியரையே தெறந்து பாக்கறவன் நானு.”

“அதுல என்ன இருந்துச்சு?”

“நேத்து பிசி பேளே பாத்.”

“கேஸுக்கு ஆவாது. பசிக்கு ஆவும்,” என்றான் சரவணன்.

உள்ளிருந்து சௌம்யா ஓடிவந்தாள். வேதநாயகி வீட்டு மாடியில் குடியிருப்பவள். மன்னார்குடிப் பெண். இந்தக் காட்சிக்கூடத்தில் வேலை கிடைத்து பெங்களூர் வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கன்னடத்தில் ‘தெரியாது’ என்பதற்கான ‘கொத்தில்லா’வைத் தவிர வேறு எதுவும் கொத்தில்லாதவள். அழுது முடித்த முகத்தைக் கழுவி, கழுவிய முகத்தில் மறுபடி அழுதிருந்தாள்.

“நாலு மணிக்குள்ள ராஜினாமாவுல கையெழுத்துப் போடச் சொல்றார் ஆன்ட்டி. போட்டா நானே திருடினதா ஒத்துக்கிட்ட மாதிரி. அதுக்கப்புறம் உலகத்துல எந்த மியூசியமும் என்னை நம்பி ஒரு ஆணிகூட அனுப்பாது.”

“முதல்ல என்ன காணோம்னு சொல்லு,” என்றார் வேதநாயகி. காலையிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம்.

சௌம்யா அவர்களைப் பெரிய ஹாலுக்கு அழைத்துப் போனாள். மறுநாள் சாயங்காலம் திறப்பு விழா. சுவரெல்லாம் படங்கள். கண்ணாடிப் பெட்டிகளில் விதை நிரப்பிய குப்பிகள், மழை அளக்கும் பித்தளைப் பாத்திரம், மனிதத் தலையை அளக்க ஒரு பெரிய இரும்புக் கவைக்கோல். சரவணன் அதைப் பார்த்ததும் தன் தலையைத் தடவிக்கொண்டான்.

“அந்தக் காலத்துல லண்டன், பாரிஸ்னு பெரிய பெரிய பொருட்காட்சி நடத்துவாங்க ஆன்ட்டி. காலனி நாட்டுலேர்ந்து மரம், விதை, கல்லு, நம்ம ஜனங்களை மாதிரியே மண் பொம்மைன்னு கப்பல் கப்பலா ஏத்திட்டுப் போய் அடுக்கிடுவாங்க. அறிவியல்னு பேரு. பாதி நெஜமாவே அறிவியல்தான். மீதி பாதி, ‘பாருங்க, எங்ககிட்ட எவ்வளவு இருக்கு’ன்னு பீத்தல்.”

“கல்யாண மண்டபத்துல சீர்வரிசை அடுக்கற மாதிரி,” என்றான் சரவணன்.

“அதேதான். பொண்ணு வீட்டைக் கேக்காமலே எடுத்துட்டுப் போன சீர்.”

அழுகைக்கு நடுவிலும் தன் வேலையைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டதை வேதநாயகி கவனித்தார்.

ஹாலின் நடுவே ஆள் உயரத்துக்குத் தங்க நிறத்தில் ஒரு பிரம்மாண்டமான கட்டி பளபளத்தது. சௌம்யா அதைக் காட்டினாள்.

“கோலார் சுரங்கத்துல ஒரு வருஷம் எடுத்த தங்கத்தையெல்லாம் உருக்கி ஒண்ணா சேர்த்தா இவ்வளவு இருக்கும்னு, லண்டன்ல இதே அளவுல ஒரு மாதிரி செஞ்சு வெச்சாங்க. அது எப்பவோ உடைஞ்சு போச்சு. இது நாம செஞ்சது. ஆனா அது பக்கத்துலேயே, ஒரே ஒரு நாள்ல எடுத்த தங்கம் இவ்வளவுன்னு ஒரு செங்கல் சைஸுக்கு இன்னொண்ணு வெச்சிருந்தாங்க. உள்ள ஈயம், மேல தங்க ரேக்கு. பொருட்காட்சிக்கு வர கனவான்கள் தூக்கிப் பார்த்து, ‘அப்பா, என்ன கனம்!’னு அசந்து போகணுமில்ல? அதுக்காக ஈயம். அந்த அசல் கட்டி லண்டன்ல ஒரு மியூசியத்துல இருந்துச்சு. கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கினேன் ஆன்ட்டி. அதுதான் என் எக்ஸிபிஷனோட உயிர். வெளியில தங்கம், உள்ள ஈயம். அந்தப் பொருட்காட்சிகளே அவ்வளவுதான்.”

“அதத்தான் காணோம்?”

“நேத்து சாயங்காலம் என் ரூம்ல பூட்டி வெச்சேன். காலையில இல்ல. ஒரு சாவி என்கிட்ட. இன்னொண்ணு ஆபீஸ் சுவத்துல தொங்குது.”

அவளுடைய அறையில் ஒரு மேஜை, ஓர் அலமாரி. அலமாரியில் ஒரு வெள்ளி மெடலும் ஒரு பித்தளைத் தொலைநோக்கியும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. நடுத்தட்டு மட்டும் காலி.

“வெள்ளியை விட்டுட்டு ஈயத்தை எடுத்துட்டுப் போயிருக்கான். இவனைப் புடிச்சு அதே கவைக்கோலால தலையை அளக்கணும் மேடம்.”

“அது ஈயம்னு யாருக்கெல்லாம் தெரியும்?” என்று வேதநாயகி கேட்டார்.

“எல்லாருக்கும். பேப்பர்ல தெளிவா இருக்கு. செக்ரட்டரி சார்தான் கையெழுத்தே போட்டார்.”

வேதநாயகியின் விரல் சேலையைச் சுற்றத் தொடங்கியது. சரவணன் ஜன்னலுக்கு வெளியே காக்கையை வேடிக்கை பார்த்தான். காக்கை பறந்து போய், திரும்பி வந்து, மறுபடி பறந்து போனது.

“செக்ரட்டரியைப் பார்ப்போம்,” என்றார் கடைசியில்.

டிரஸ்ட் செக்ரட்டரி அனந்தபத்மநாபன் தொலைபேசியில் இருந்தார். வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவதாகவும், பின்பக்கத்து ஷெட் சாவியை எடுத்து வைக்கும்படியும் கன்னடத்தில் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். பெரிய மேஜை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது கைப்பிடிகூட இல்லாத மர நாற்காலியில். மூலையில் ஒரு சுழல் நாற்காலி, சக்கரம் ஒன்று முறிந்து, நொண்டிக் குதிரை மாதிரி சாய்ந்து நின்றது.

“வாங்கம்மா வாங்க. தமிழா? நல்லதாப் போச்சு. நாங்க நாலு தலைமுறையா மல்லேஸ்வரம்தான். ஆனா பாருங்க, ஒரு தமிழ் முகத்தைப் பார்த்துட்டா வாயில தமிழ்தான் வரும். வீட்டுக்காரி ஷிமோகா. அவகிட்ட மட்டும்தான் கன்னடம்.”

“நல்ல சேர் போச்சே சார்,” என்று சரவணன் மூலையைக் காட்டினான்.

“நேத்து ஒடைஞ்சுது. வயசாச்சில்ல.” சேருக்கா, அவருக்கா என்று அவர் விளக்கவில்லை. “ஏம்மா, வெறும் ஈயக் கட்டி. எடைக்குப் போட்டாக்கூட எவனும் வாங்க மாட்டான். இதுக்குப் போய் டிடெக்டிவா? சௌம்யா நல்ல பொண்ணு. கவனக் குறைவு, அவ்வளவுதான். நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுட்டா போலீஸ் கீலீஸ் எதுவும் வேண்டாம். லண்டனுக்கு நான் எழுதிக்கறேன், தொலைஞ்சு போச்சுன்னு. ஈயம்தானே? மன்னிச்சுடுவாங்க.”

“என்னை மன்னிக்க மாட்டாங்க சார்,” என்றாள் சௌம்யா.

அவர் அதைக் கேட்காதவர் போல எழுந்து, திறந்திருந்த கதவு வழியாக எதிர் அறையை எட்டிப் பார்த்தார். ஒட்டியது ஒட்டியபடி பிரிக்காத பெட்டிகள் தரையெல்லாம் கிடந்தன.

“நாளைக்கு விழாவை வெச்சுக்கிட்டு, அதெல்லாம் என்ன அப்படியே கெடக்கு?”

“அது பூரா சொப்பு சார். சாயங்காலமா பிரிச்சுக்கலாம்னு விட்டு வெச்சேன்.”

“சாயங்காலமா? வாடிடும்மா! தண்ணியாவது கொஞ்சம் தெளிச்சு வை.”

சௌம்யா ஒரு கணம் விழித்தாள். பிறகு இதுவும் ஒரு திட்டு என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். மதியத்துக்குச் சொப்புச் சாறு என்று மனைவி சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்து சரவணனின் வயிறு கூவியது. வேதநாயகியின் விரலில் பாதி சுற்றிய சேலை பாதியிலேயே நின்றது.

ஹாலுக்குத் திரும்பியபோது அந்தப் பெரிய கட்டியைச் செய்த காண்ட்ராக்டர் ஹரிஷ்குமார் வந்திருந்தான். காட்சிப் பெட்டி, விளக்கு, மேடை எல்லாம் அவன் பொறுப்பு. காதில் பென்சில், கையில் அளவு நாடா.

“தெர்மாகோல் மேடம். மேல பேப்பர், பேப்பர் மேல கோல்டு பெயின்ட். பூனை உரசினா சாஞ்சிடும், அவ்வளவு லேசு.”

பூனைக்கு என்ன, நான் உரசிப் பார்க்கிறேன் என்று சரவணன் தோளால் சாய்ந்தான். கட்டி அசையவில்லை. கொஞ்சம் அழுத்தித் தள்ளினான். அப்போதும் இல்லை.

“ஏம்பா, பூனையைவிட நான் வீக்கா?”

ஹரிஷ்குமார் சிரித்தான். “பெயின்ட் காயாம வெச்சதால தரையோட ஒட்டிக்கிட்டிருக்கும் சார். முந்தா நாள் நானே ஒத்தைக் கையால தூக்கி வெச்சேன். இன்னிக்கு மறுபடி லாரியில ஏத்தணும். கலர் பத்தலயாம். பேஜாரு.”

“அந்தச் சின்ன கட்டிக்கு ஸ்டாண்ட் செஞ்சது நீங்கதானா?” என்று வேதநாயகி கேட்டார்.

“நான்தான் மேடம். அளவெடுக்கறப்ப பொரட்டிப் பார்த்தேன். அடியில ரேக்கு உரிஞ்சு, உள்ள கறுப்பா ஈயம் தெரியுது. அந்தக் காலத்துலேயே நம்மள மாதிரி காண்ட்ராக்டர் இருந்திருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்.”

வேதநாயகி சரவணன் பக்கம் திரும்பினார். “போய் ஒரு டீ குடிச்சுட்டு வா.”

அப்படியென்றால் நீ இல்லாமல் இவனிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று அர்த்தம். சரவணன் முறைத்துக்கொண்டே போனான்.

தெருமுனைக் கடையில் டீ ஆறும்வரை ஊதிக்கொண்டு எதிர்க்கடையைப் பார்த்தான். நகைக்கடை. கன்னடத்தில் பெரிய எழுத்துப் பலகை. சின்ன, பெள்ளி ஆபரணங்கள். தங்கம், வெள்ளி நகைகள். சிறு வயதிலிருந்து ஆயிரம் முறை படித்த பலகை. ஆயிரத்தோராவது முறை படித்தபோது டீ அவன் மூக்கில் ஏறியது.

காசை வைத்துவிட்டு ஓடினான்.

“மேடம்! கண்டுபுடிச்சிட்டேன்! ஏம்மா சௌம்யா, அந்தக் கட்டியை நீ என்னன்னு சொல்லுவே?”

“சின்ன கட்டின்னுதான். அது பெரிய கட்டி, இது சின்ன கட்டி.”

“எல்லார்கிட்டயுமா?”

“ஆமா. வந்தப்பவே கத்தினேனே. ‘கோலார் கோல்டு செக்ஷனுக்குச் சின்ன கட்டி வந்துடுச்சு’ன்னு. போன்ல சார்கிட்ட சொன்னேன், கேட்ல சொன்னேன், இங்க சொன்னேன்.”

“கன்னடத்துல சின்னன்னா என்ன தெரியுமா? தங்கம்! சின்ன கட்டின்னா தங்கக் கட்டி! நீ போட்ட கூச்சல்ல எவனோ ஒருத்தன் காதுல தங்கம் விழுந்திருக்கு. அதனாலதான் வெள்ளியைத் தொடல. சரி, இந்தக் கட்டடத்துல கன்னடக்காரரு யாரு?”

பதிலுக்குக் காத்திருக்காமல் வாசலுக்கு நடந்தான். வேதநாயகி தடுக்கவில்லை. பின்னாலேயே வந்தார், வேடிக்கை பார்க்க வருகிறவர் மாதிரி.

“கிருஷ்ணப்பா, சின்ன கட்டின்னா என்ன?” என்று சரவணன் இடுப்பில் கை வைத்துக் கேட்டான்.

கிருஷ்ணப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“சிக்கது. ஸ்மால்.”

“தங்கம் இல்லையா?”

“யாரு சாமி நீ? நானு அத்திபெலேக்காரன். எங்க சந்தையில பாதி வியாபாரம் தமிழ்லதான். முப்பது வருஷமா சின்ன வெங்காயம் வாங்கறேன். தங்க வெங்காயம் எங்கேன்னு எப்பவாவது கேட்டிருக்கேனா? எங்க மருமக ஹோசூரு. என் பேரனைச் ‘சின்னவனே’ன்னுதான் கூப்புடறா. அவனைத் தூக்கிட்டுப் போயி மார்வாடி கடையிலயா வெச்சேன்?”

சரவணனின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது.

“இன்னொண்ணு,” என்றார் கிருஷ்ணப்பா. “நேத்து சாயங்காலத்துலேர்ந்து இந்த கேட்டைத் தாண்டி ஒரு செங்கல்லுகூடப் போகல. பெரியம்மா மேல ஆணை.”

வேதநாயகி மெல்லச் சிரித்தார். ஹாலுக்குத் திரும்பும் வழியில் சரவணன் தரையைப் பார்த்தே நடந்தான்.

“பாதி கரெக்ட்,” என்றார் அவர். “எக்ஸ்சேஞ்ச்ல இதுக்கு கிராஸ் டாக்னு பேரு. ஒரு லைன்ல பேசறது இன்னொரு லைன்ல விழும். இங்க கிராஸ் ஆயிருக்கறது நிஜம். நீ எடுத்த லைன்தான் தப்பு.”

“அப்ப எந்த லைன் மேடம்?”

“வாயில என்ன பாஷைன்னு பாக்காதே. காதுல என்ன பாஷைன்னு பாரு.”

மதியம் முழுக்க அவர் ஹாலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மண் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொம்மைகளும் அவரும் ஒரே மாதிரி மௌனமாக இருந்தார்கள். சௌம்யா நகத்தைக் கடித்தாள். சரவணன் சொப்புச் சாற்றை நினைத்துக்கொண்டான்.

நாலு மணிக்கு லாரி வந்தது. கூடவே கையில் டைப் அடித்த காகிதத்தோடு அனந்தபத்மநாபனும் வந்தார்.

“சௌம்யா, கையெழுத்தைப் போட்டுடும்மா. ஏய் ஹரிஷ், கட்டியை ஏத்து. மெதுவா! மெதுவா!”

இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவன் முகம் சிவந்தது. இன்னொருவன் கெட்ட வார்த்தையைப் பாதியில் விழுங்கினான். கட்டி தரையில் பெயின்ட் ஒட்டிய தடம் எதுவும் இல்லாமல் சுத்தமாகத்தான் எழும்பியது. ஆனால் எழும்ப மனமில்லாமல் எழும்பியது.

“கீழ வைங்கப்பா,” என்றார் வேதநாயகி. “தெர்மாகோலுக்கு என்ன இவ்வளவு கனம்? சரவணா, அந்தக் கத்தியை எடு. அடிப்பக்கமா அறு.”

“ஐயோ! கலர் போயிடும்!” என்று செக்ரட்டரி பதறினார்.

“கலர் அடிக்கத்தானே சார் போகுது?”

சரவணன் அறுத்தான். வெள்ளைப் பொடி பறந்தது. உள்ளே குடைந்த பள்ளத்தில், ஒரு மேஜைத் துணியில் சுற்றி, அரை மூட்டை அரிசிக் கனத்தில் அது உட்கார்ந்திருந்தது. துணியை விலக்கியதும் ஹாலின் விளக்கெல்லாம் அதன் மேல் விழுந்து மின்னியது. சௌம்யா ஒரு கேவலோடு தரையில் உட்கார்ந்து அதைத் தொட்டாள்.

முதலில் வாய் திறந்தவர் அனந்தபத்மநாபன்தான்.

“பார்த்தீங்களா! ஹரிஷ்! அவன் செஞ்ச கட்டி, அவன் லாரி! கேட்ல செக்கிங்குன்னு தெரிஞ்சு உள்ள ஒளிச்சு வெச்சு, கலர் அடிக்கறேன்னு தள்ளிட்டுப் போகப் பார்த்திருக்கான்! பிடிங்க அவனை!”

ஹரிஷ்குமாரின் காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. சரவணன்கூட ஓர் அடி அவன் பக்கம் எடுத்து வைத்துவிட்டான்.

வேதநாயகி குனிந்து, இரண்டு கையாலும் அந்தக் கட்டியைப் புரட்டிப் போட்டார். அடிப்பக்கம் மேலே வந்தது. உரிந்த ரேக்குக்குக் கீழே, மழைக்கால வானம் மாதிரி மங்கலான சாம்பல் நிறம்.

அனந்தபத்மநாபன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது.

“ஈயமா?” என்றார்.

ஒரே ஒரு சொல். அடக்க முடியாமல், அடிவயிற்றிலிருந்து வந்தது.

லாரி டிரைவர் வெளியே ஹார்ன் அடித்து ஓய்ந்தான்.

“காலையில நீங்கதானே சார் வெறும் ஈயம்னு சொன்னீங்க?” என்றார் வேதநாயகி மெதுவாக.

“இல்ல… பேப்பர்ல ஈயம்னு இருந்துச்சு. அது கஸ்டம்ஸுக்காக அப்படிப் போட்டிருக்கா, கெட்டிக்காரப் பொண்ணுன்னு நான்…” அவர் நிறுத்திக்கொண்டார். ஒரு வாக்கியம் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும்.

“பொய்னு நெனச்சுக்கிட்டு நீங்க சொன்ன ஒரே உண்மை அது சார்,” என்றான் சரவணன். பிறகு வேதநாயகியைப் பார்த்தான். “ஆனா மேடம், இவரு தமிழாச்சே?”

“வாயில தமிழ். காலையில அந்த ரூம்ல பெட்டியெல்லாம் என்னன்னு கேட்டார். சௌம்யா சொப்புன்னு சொன்னா. அவ ஊர்ல சொப்புன்னா என்ன?”

“கொலுவுல வைக்கறது ஆன்ட்டி. குட்டிக் குட்டி மரப் பாத்திரம். பொருட்காட்சிக்கு அனுப்பின குட்டிச் சமையல் சாமான் செட் அது.” சௌம்யாவின் கண் விரிந்தது. “அதுக்குத்தான் வாடிடும்னாரா! தண்ணி தெளிக்கச் சொன்னாரா! நான் கிண்டல் பண்றார்னு நெனச்சேன்.”

“கிண்டல் இல்ல. நிஜமாவே கவலைப்பட்டார். கன்னடத்துல சொப்புன்னா கீரை. அவர் காதுல கீரைக்கட்டுதான் விழுந்துது. தமிழ்ல சொன்ன சொப்பு கீரையா விழற காதுல, கோலார் கோல்டுன்னு ஆரம்பிச்சுச் சின்ன கட்டின்னு முடிச்சா வேற என்னவா விழும்? ஹரிஷ் அடியைப் புரட்டிப் பார்த்தவர். அவர் ஏன் ஈயத்தைத் திருடப் போறார்? கலர் பத்தலன்னு சொன்னது யாருன்னு அவர்கிட்ட தனியா கேட்டேன். செக்ரட்டரி சார். எங்க வெச்சு அடிக்கணும்? செக்ரட்டரி சார் வீட்டுப் பின்பக்கத்து ஷெட்டுல.”

“சாவியைக்கூட எடுத்து வைக்கச் சொன்னாரே! என் காதாலேயே கேட்டேனே!” சரவணன் தலையில் அடித்துக்கொண்டான். “அந்தச் சேரு?”

“இவ்வளவு கனத்தை ஒரு பெரியவர் கையில தூக்கிட்டா வருவார்? அதுல வெச்சுத் தள்ளிட்டு வந்தார். சக்கரம் தாங்கல.”

“மேடம், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எனக்கும் காலையில கீரைதான் ஞாபகம் வந்துச்சு.”

“தெரியும். உன் வயிறு கத்தினது எனக்கே கேட்டுது. அதனாலதான் உனக்கு அது வித்தியாசமா படல. உன் காதும் அதே எக்ஸ்சேஞ்ச்.”

வாசலில் வந்து நின்ற கிருஷ்ணப்பா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, செக்ரட்டரியை வருத்தத்தோடு பார்த்தார். “நாலு தலைமுறையா மல்லேஸ்வரத்துல இருக்கீங்க சார். ஒரு தடவை எங்க அத்திபெலே சந்தைக்கு வந்திருக்கலாம்.”

அனந்தபத்மநாபன் மர முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். போலீஸ் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. ஆனால் அது ஹாலில் நாலு பக்கமும் நின்றது. அவர் வேதநாயகியைப் பார்த்தார். வேதநாயகி சௌம்யாவைப் பார்த்தார்.

சௌம்யா முதலில் தரையில் கிடந்த கட்டியைத் தூக்க முயன்றாள். முடியவில்லை. ஹரிஷ்குமார் ஒரு பக்கம் பிடித்தான். இருவருமாக அதைக் கொண்டுபோய் அதற்கென்று செய்த ஸ்டாண்டில் வைத்தார்கள், இந்த முறை உரிந்த ஈயம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி சாய்த்து. பிறகு அவள் திரும்பி வந்து, செக்ரட்டரியின் கையிலிருந்த காகிதத்தை வாங்கினாள். தன் பெயர் டைப் அடித்திருந்த பக்கத்தை ஒரு தடவை படித்தாள். மறுபக்கம் வெற்றாக இருந்தது. அந்தப் பக்கத்தை மேலே திருப்பி அவர் மடியில் வைத்தாள்.

“டிரஸ்ட் பெரியம்மா நாளைக்கு வராங்க சார். நடந்ததை அவங்ககிட்ட நான் முழுசா சொல்லத்தான் போறேன். அதுக்கு மேல போலீஸா வேண்டாமான்னு அவங்க முடிவு. நான் சொல்றதுக்கு முன்னாடி இதுல நீங்களே எழுதி வெச்சுட்டா, அவங்க கொஞ்சம் யோசிப்பாங்க.”

ஹரிஷ்குமார் கீழே விழுந்த பென்சிலைப் பொறுக்கி மரியாதையாக நீட்டினான்.

அவர் எழுத ஆரம்பித்தார். ‘நான் என் செயலாளர் பதவியிலிருந்து…’ என்று இரண்டு வரி போனது. மூன்றாவது வரியில் பென்சில் நின்றுவிட்டது. தலையைத் தூக்கி, பாவமாகக் கேட்டார்.

“காரணம்னு என்ன எழுதறது?”

வேதநாயகி வழக்கம்போலப் பேசவில்லை. அதனால் ஓவர்டைம் சரவணன் தலையில் விழுந்தது.

“சின்ன காரணம்னு போடுங்க சார். எந்த பாஷையில படிச்சாலும் சரியா இருக்கும்.”